வான்கோழி வழக்கின் சனிக்கிழமைகள்

நாள் தவறாமல் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் தண்டுத் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் குமாஸ்தா. கண்டோன்மென்டை அந்தக் காலத்தில் நாங்கள் தண்டு என்றுதான் சொல்வோம். தேதி முத்திரை சரியாக விழாத உறையைக் கண்டுவிட்டால் அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரின் மகளான நான் இங்கே ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். இதில் வரும் பையனுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே ஊரில் இருக்கிறார்கள். இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு என்று வைத்துக்கொண்டால் போதும். மாதமும் கிழமையும் என் பழைய ரஃப் நோட்டில் இருக்கிறபடியே சொல்கிறேன்.

அல்சூரில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சந்தில் எங்கள் வீடு. அம்மா வருஷந்தோறும் இரண்டு வான்கோழி வளர்ப்பாள். ஒன்று கிறிஸ்துமஸுக்கு ஏதாவது ஒரு பங்களாவுக்கு விலைக்குப் போகும், மற்றது எங்களுக்கு. ராகிக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து அவற்றின் வாயில் திணிப்பாள். எங்களுக்குக்கூட அவ்வளவு பொறுமையாக ஊட்டியதில்லை. நவம்பர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் பெரிய வான்கோழியைக் காணோம். அப்பா புகார் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் கான்ஸ்டபிள் இறகுக் குவியலைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டுப் பையனுக்குப் பதினாலு வயது. அப்பா இல்லை. அம்மா கட்டட வேலையில் செங்கல் சுமப்பவள்.

அந்த மாதிரிப் பையன்களுக்குப் பிரம்படி கொடுத்து அனுப்புவது அப்போது சாதாரணம். ஆனால் இவன் ஏற்கெனவே தெருக் குழாயின் பித்தளைத் திருகைக் கழற்றி ஒரு தடவை மாட்டிக்கொண்டவன். அதனால் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தது. அது சென்னைப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. பதினெட்டு வயதுவரை அங்கேதான். தண்டில் சொந்த வீடு உள்ள யாராவது ஜாமீன் நின்றால் மட்டும், ஆறு மாத நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம் என்றார் மாஜிஸ்திரேட்.

சாட்சி சொல்லப் போன அப்பா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ஜாமீன் போட்டுட்டேன்" என்றார்.

"யாருக்கு?"

"அந்தப் பையனுக்குத்தான்."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "கோழியும் நம்முது, ஜாமீனும் நம்முதா? சுத்தமா புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"அவன் அம்மா கோர்ட்டு முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாத்துது. இருந்தவங்க எல்லாம் அவங்கவங்க காலைப் பாத்துக்கினு நின்னாங்க. என் பாக்கெட்டுல வீட்டு வரி ரசீது இருந்துது. நான் எங்க பாக்கிறது?"

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏங்க, இந்த வருஷம் கோழிக்குப் பதிலா பையனை வளக்கப் போறீங்களாமே?" என்று கேட்டாள். அம்மா துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

பத்திரத்தில் மூன்று நிபந்தனைகள். சனிக்கிழமைதோறும் மாலையில் பையன் ஜாமீன்தாரர் முன்னால் ஆஜராக வேண்டும். அவன் நடத்தையைப் பற்றி ஜாமீன்தாரர் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும். ஆறு மாதமும் பையன் தண்டின் எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். இந்த மூன்றாவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியிருக்கிறது: அப்போது இது ஒரே ஊர் அல்ல. தண்டு வெள்ளைக்காரன் நிர்வாகம். சிட்டி மகாராஜாவின் மைசூர் ராஜ்யம். போலீஸ் வேறு, கோர்ட்டு வேறு. ஆனால் காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் நாங்கள் அந்த எல்லையை நினைப்பே இல்லாமல் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தோம்.

முதல் சனிக்கிழமை, டிசம்பர் குளிரில், அவன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வாசலில் நின்றான். அம்மா நெடுநேரம் அவனைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"எப்படிடா சமைச்சீங்க அதை?"

"எங்கம்மா கொளம்பு வெச்சாங்கம்மா. வேகவே இல்ல. ராத்திரி பூரா அடுப்புல கெடந்துச்சு."

"பின்னே? மூணு மணி நேரம் வேக வைக்கணும். முதல்ல வினிகர்ல ஊறப்போடணும். நாசம் பண்ணிட்டீங்களே, பாவிங்களா!"

கோழி போனதைவிட அது சரியாக வேகாமல் போனதில்தான் அம்மாவுக்கு வருத்தம் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே போய் அவனுக்கு டீ கொண்டுவந்தாள்.

சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மிஷன் பள்ளியில் என் இங்கிலீஷ் கையெழுத்துக்குப் பேர் உண்டு. அப்பா சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: "தேதி போடு. மணி போடு. வந்தானா, எப்படி இருந்தான், நடந்ததை எழுது. எழுதறது உண்மையா இருக்கணும்." பள்ளி நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வரியில் என்னால் நிறுத்த முடியவில்லை. பையன் தலை வாரியிருந்தான், டீ குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்தான், விடைபெறும்போது கும்பிட்டான் என்றெல்லாம் பக்கம் நிறைய எழுதினேன். அப்பா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மூன்றாவது வாரம் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டிலிருந்து வந்த அப்பா, "பெஞ்சு குமாஸ்தா உன் சீட்டுக்காகத் திங்கட்கிழமை காத்துக்கினு இருக்காராம்" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

கிறிஸ்துமஸ் வாரத்தில் தண்டு முழுவதும் கேக் வாசனை. வீட்டில் கேக் வேகவைக்கும் அடுப்பு கிடையாது. மாவைக் கலக்கித் தட்டில் ஊற்றி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வேகவைத்து வாங்கி வருவோம். அந்த வருஷம் எங்கள் தட்டுகளைத் தலையில் சுமந்தது அவன்தான். கண்காணிக்க அம்மா என்னைக் கூடவே அனுப்பினாள். நான் அவன் முதுகையே பார்த்தபடி நடந்தேன். அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பாப்பா, தலமேல ரெண்டு தட்டு கேக்கு இருக்குது. நான் எங்க ஓடறது? ஓடினா ரோடுதான் கேக்கு துன்னும்."

பேக்கரி வாசலில் நாற்பது ஐம்பது தட்டுகள் வரிசையாக இருக்கும். எந்தத் தட்டு யாருடையது என்று மாறிப்போய்ச் சண்டை வரும். அவன் எங்களுடையதை மட்டுமல்ல, எல்லார் தட்டையும் நினைவு வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். பேக்கரிக்காரர், "யார் வீட்டுப் பையன்டா நீ?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். "எங்க வீட்டுக்கு வர்ற பையன்" என்றேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான். தலையெல்லாம் வெள்ளை. அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள், பஞ்சு.

"வேலை கெடைச்சிருச்சும்மா! சிட்டில மில்லு. நூல் கண்டு ரொம்பினா களட்டிட்டு வேற மாட்டணும். எங்க மாமா ஸ்ரீராம்புரத்துல இருக்காரு, அவர்தான் சேத்து வுட்டாரு. அவரு வூட்லயே படுத்துக்கறேன். வெடிகாலைல சங்கு ஊதிருவாங்க, இங்கேருந்து நடந்தா ஆவாது."

அம்மா அவனை முக்காலியில் உட்காரவைத்துத் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்பா முதுகில் தட்டினார். அன்றைக்கு நான் எழுதியதுதான் என் சீட்டுகளிலேயே நீளமானது. வேலைக்குச் சேர்ந்த நாள், மில் இருக்கும் இடம், தங்கியிருப்பது ஸ்ரீராம்புரத்தில் தாய்மாமன் வீட்டில் என்ற விவரம், சங்கு ஊதும் நேரம், எதையும் விடவில்லை. அப்பா இரண்டு தடவை படித்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். நல்ல செய்தி என்பதைத் தவிர எங்கள் யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை கான்ஸ்டபிள் கோர்ட்டு ஓலை கொண்டுவந்தார். நிபந்தனை மீறப்பட்டதாகத் தெரிவதால், வரும் திங்கட்கிழமை பையனை ஆஜர்படுத்த வேண்டும். சீட்டை எழுதியவரும் வர வேண்டும். அப்பா அதைப் படித்துவிட்டு, பத்திரத்தின் நகலை எடுத்து, மூன்றாவது நிபந்தனையில் விரலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஸ்ரீராம்புரம் தண்டுக்கு வெளியே, சிட்டியில் இருந்தது.

சனிக்கிழமை அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அப்பாதான் சொன்னார். அவன் முகம் சுருங்கியதை நான் பார்க்காமல் இருக்க அடுக்களைக்குள் போனேன்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவாங்களா சார்?"

"தெரியலடா. கேட்டுப் பாக்கறேன்."

"எங்கம்மா கிட்ட சொல்லாதீங்க சார். திங்கக்கெளமை ஆவட்டும்."

கோர்ட்டில் நான் அதற்கு முன்னும் பின்னும் கால் வைத்ததில்லை. மாஜிஸ்திரேட் வயதான வெள்ளைக்காரர். என் சீட்டுகள் அத்தனையும் அவர் முன்னால் நூல் கோத்து இருந்தன. எழுதியது யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறாய், பெரியவர்களே இப்படி எழுதுவதில்லை என்று இங்கிலீஷில் பாராட்டினார். யாராவது என்னை அறைந்திருந்தால் அதை இதைவிட எளிதாகப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

பையன் ஒழுங்காக உழைக்கத்தானே போனான், சிட்டியில் தங்க அனுமதி கொடுக்கலாமே என்று அப்பா கேட்டார். மாஜிஸ்திரேட் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா அப்பாவிடம் தமிழிலேயே சொன்னார்:

"அது மகாராஜா சீமை சார். இங்கேருந்து ரெசிடென்ட் துரை ஆபீசுக்கு எழுதணும். அவங்க தர்பாருக்கு எழுதணும். தர்பார் அங்கே இருக்கிற போலீசுக்கு எழுதணும். பதில் வர்றதுக்குள்ள உங்க பையனுக்கு மீசை நரைச்சிடும்."

"நம்ம பையன் இல்லீங்க" என்று அப்பா திருத்தவில்லை. அதை நான் கவனித்தேன்.

மாஜிஸ்திரேட் இரண்டு வழிகள் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் தண்டுக்குத் திரும்பி வந்து, ஜூன் மாதம் பத்திரம் முடியும்வரை இங்கேயே குடியிருக்க வேண்டும். அல்லது சீர்திருத்தப் பள்ளி. குமாஸ்தா அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவன், "இங்கயே இருக்கேன் சாமி, மில்லு வாணாம்" என்றான். சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத வேலை அங்கேயே, அந்த நிமிஷத்திலேயே போயிற்று.

வெளியே வந்தோம். அப்பா முன்னால் நடந்தார். நான் அழுதுகொண்டு வந்தேன். கொஞ்சதூரம் அவன் என் பக்கத்தில் நடந்து வந்தான். பிறகு சொன்னான்:

"அளாதீங்க பாப்பா. நீங்க நல்லாத்தான் எளுதறீங்க. தொரையே சொல்லிட்டாரு. இனிமே கொஞ்சம் கொறச்சலா எளுதுங்க, அவ்ளோதான்."

அந்தக் கிறிஸ்துமஸ் பேக்கரிக்காரரிடம் அம்மா போய்க் கேட்டாள். தட்டுகளை மாற்றாமல் எடுத்துக் கொடுத்த பையனை அவருக்கு நினைவிருந்தது. விடிகாலையில் பங்களாக்களுக்கு ரொட்டிக் கூடை சுமக்கும் வேலை கிடைத்தது. மில் கூலியில் பாதிதான். ஆனால் தண்டுக்குள்ளேயே இருந்த வேலை.

அதற்கப்புறம் ஜூன்வரை நான் எழுதிய சீட்டுகளில் தேதி, மணி, "வந்தான், நடத்தை நன்று" என்பதைத் தவிர எதுவும் கிடையாது. என் ரஃப் நோட்டிலும் அப்படியே. இன்று அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது, அந்த வருஷத்தின் நல்ல நாட்கள் அத்தனையும் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தன என்று எனக்கு மட்டும் தெரிகிறது. ஏப்ரல் மாத ஆலங்கட்டி மழையில் ரொட்டிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவன் சந்துக்குள் ஓடிவந்தது. நனைந்தவனுக்கு அம்மா அப்பாவின் பழைய சட்டையைக் கொடுக்க, முழங்கால்வரை தொங்கிய அந்தச் சட்டையில் அவன் பாதிரியார் மாதிரி கைகூப்பி நின்றது. எந்தப் பங்களாவில் எந்தத் துரைசாணி எப்படிக் கத்துவாள் என்று நடித்துக் காட்டியது. பலாப்பழக் காலத்தில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவனும் அம்மாவும் பழம் பிரிக்க, சுவருக்கு மேலிருந்து பக்கத்து வீட்டுக்காரம்மா, "எனக்கும் ரெண்டு சுளை எடுத்துவைடா" என்று அவனிடமே கேட்டது. எல்லாம் வெறும் நினைவு. தேதி கிடையாது.

ஜூன் மாதத்துக் கடைசிச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தபோது அவன் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

"இத்தினி நாளா இன்னாதான் எளுதினீங்க? படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். நோட்டைப் பின்னாலிருந்து புரட்டி, ஒவ்வொரு வாரமும் வந்தான், வந்தான், வந்தான் என்று படித்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"மளைல நனஞ்சது, பலாப்பளம், ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனான்.

பத்திரம் முடிந்த திங்கட்கிழமையே மில்லுக்குப் போனான். அவன் இடத்தில் வேறு ஆள். அடுத்த பொங்கல் கழிந்த பிறகுதான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ரொட்டிக் கூடையைப் பேக்கரியில் ஒப்படைத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, என்றைக்குச் சேரப் போகிறான் என்று சொன்னான். அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை.