கோப்பைக்குப் பிறகு ஓர் ஆட்டம்

ஐஸ் ஹாக்கி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அறிய விருப்பமும் இல்லை. குடியிருந்த ஈஸ்ட் ஹாமிலிருந்து ஐஸ் ஹாக்கி அணி ஒன்றின் அரங்குக்குத் துப்புரவு வேலைக்குப் போனேன், அவ்வளவுதான். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள். அணியின் உடைமாற்றும் அறை என் பொறுப்பு. ஈரக் கையுறைகள் நாறும்.

ஒருநாள் வாசலில் நின்று ஆட்டத்தைப் பார்த்தேன். கதவளவு அகலமான ஒருவன் கார் வேகத்தில் வந்து இன்னொருவனைப் பனித்தரையைச் சுற்றிய பலகை வேலியோடு சேர்த்து மோதினான். என் காலடி நிலம் அதிர்ந்தது. மோதப்பட்டவன் எழும்பி, இரத்தத்தைத் துப்பிவிட்டு, திரும்பவும் பனியில் பறந்தான். இடைவேளையில் அவனுக்கு உதட்டில் தையல் போட்டார்கள். அது முடிந்ததும் தன் சப்பாத்துக் கயிற்றைத்தான் இறுக்கினான்.

பருவத்தின் கடைசிச் சுற்றில் எல்லோரும் தாடி வளர்க்கத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களில் செத்தவீட்டுக்காரர்தான் அப்படிச் சவரம் செய்யாமல் இருப்பார்கள். அணிக்கு வேண்டிய யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்தேன். கோல் காப்பவனின் கையைப் பிடித்து, "யார் தவறியது? எனக்கு மிகவும் கவலை" என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அவன் விழித்தான். பிறகு உட்கார்ந்திருந்த வாங்கு ஆடும்படி சிரித்தான். கடைசிச் சுற்று முடியும்வரை சவரம் செய்யாதது அவர்களுடைய வழக்கமாம்.

"இன்னும் ஒருவரும் சாகவில்லை. தோற்றால்தான் சாவோம்" என்றான்.

அது முழுப் பகிடி அல்ல. அணி நட்டத்தில் ஓடியது. அந்தப் பருவத்தின் கோப்பையை வென்றால் மட்டுமே முதலாளி அணியை வைத்திருப்பார் என்று மேலாளர் எங்களுக்கும் சொல்லியிருந்தார். தோற்றால் எனக்கும் வேலையில்லை. நானும் சவரத்தை நிறுத்தினேன்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சருங்கோ, உங்கட அம்மா யாழ்ப்பாணத்தில உயிரோட இருக்கிறா. என்ன கோலம் இது?"

"கோப்பை வரட்டும், வழிக்கிறன்."

"அவங்கள் விளையாடுறாங்கள். நீங்கள் கக்கூஸ் கழுவுறியள். உங்கட தாடிக்கும் கோப்பைக்கும் என்ன?"

"கழுவக் கக்கூஸ் இருக்க வேணுமெல்லே."

"அப்ப இந்த மூஞ்சையோட கோயிலுக்கு வராதேங்கோ."

வென்றார்கள். கோப்பையை அறைக்குள் கொண்டுவந்து என் கையிலும் தந்தார்கள். நல்ல பாரம்.

சில கிழமைகளில் முதலாளி அரங்கை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார். அணியைக் கலைத்தார். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கள்ளன் என்பதைத் தவிர அவருக்கு வேறு சொல் எனக்கு இன்றும் கிடைக்கவில்லை.

பனியை உருக்குவதற்கு முதல்நாள் மத்தியானம், சாமான் எடுக்க வந்த ஆட்டக்காரர்கள் திடீரென்று உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாகப் பிரிந்து விளையாடினார்கள். கதிரைகள் முழுதும் வெறுமை. சம்பளமும் இல்லை. சும்மா சறுக்கிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். இல்லை. அதே வேகம், அதே மோதல். கோல் காப்பவன் அவர்கள் மட்டையால் அடித்துத் துரத்தும் ரப்பர் வில்லைக்கு முன்னால் நெஞ்சைக் கொடுத்து விழுந்தான். இப்போது எதற்காக?

மேலாளர் வந்தார். விளக்குகளை அணைக்க வேண்டும், போய் அவர்களை நிறுத்தச் சொல் என்றார்.

"நீயே போய்ச் சொல்" என்றேன்.

அவர் வேலியின் கதவுவரை போனார். கதவில் கையை வைத்தார். அதைத் திறக்காமல் ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.