கல்யாணக் காரும் குடில் சாவியும்

ஊர்க்கியாவுக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். உறைபனி கொட்டும் அந்தப் புல்வெளி ஊரில், ஊராட்சியின் பனிக்காலக் காவல் வேலை கிடைத்ததே அந்த வாயால்தான். பனி தொடங்குமுன் வீடு வீடாகப் போய், புயலில் பிடித்து நடக்க வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குக் கயிறு கட்டியாயிற்றா என்று மிரட்டுவாள். அடுத்த ஊருக்குப் போகும் சாலையோரம் வழி தெரியச் சிவப்புக் கழிகள் நட்டதும், புயலில் சிக்கியவர்கள் ஒதுங்க ஏழாவது கிலோமீட்டரில் கணப்படுப்போடு குடில் கட்டியதும் அவள் நச்சரிப்பில்தான். போன வருடம் அங்கிருந்த நிலக்கரியை எவனோ அள்ளிக்கொண்டு போய்விட்டான். இந்த வருடம் குடிலுக்குப் பூட்டுப் போட்டாள். சாவி அவள் இடுப்பில்.

ஜனவரியில் ஒரு நண்பகல், பனிப்புயல் வருகிறது, சாலையை மூடு என்று மேலிடத்துத் தகவல் வந்தது. அவள் தடுப்புக் கம்பத்தை இறக்கிய கையோடு ஒரு கல்யாணக் கார் வந்து நின்றது. புதுப்பெண்ணையும் சேர்த்து நான்கு பேர்.

மாப்பிள்ளை பட்டுச்சால்வையை நீட்டிச் சிரித்தான். "கயித்துக்கு பதிலா கம்பமா அக்கா? பணக்கார ஊருதான்!"

பெண் அழைத்து வரும் வழியில் கயிறு கட்டி மறிப்பதும், பரிசு வாங்கிக்கொண்டு விடுவதும் அங்கே வழக்கம்.

"விளையாட்டு இல்ல தம்பி. புயல் வருது, திரும்பிப் போ."

"புதுப்பொண்ண பாதி வழியில திருப்பச் சொல்றீங்களா? நல்லா இருக்கே! பதினாலு கிலோமீட்டர்தானேக்கா."

வானம் இன்னும் நீலமாகத்தான் இருந்தது. சால்வை அவள் கைக்கு வந்துவிட்டது. வாங்கிய பிறகு மறித்தால் அபசகுனம். பழகிய கை, கம்பத்தைத் தூக்கிவிட்டது.

கால் மணி நேரத்தில் அந்தக் கம்பமே கண்ணுக்குத் தெரியவில்லை. இடுப்பில் சாவி உறுத்தியது. ஊராட்சி அலுவலகம் வரை கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி ஓடினாள்.

"டிராக்டர எடுங்க! குடில பூட்டி வச்சிருக்கேன், நாலு பேரு சாகப் போறாங்க!"

தலைவர் செரிக்பாய் கத்தினார். "நீட்டுன கையே தெரியலம்மா! அனுப்பினா அஞ்சாவதா ஓட்டுறவனும் சாவான்."

நான்கு மணி நேரம் சன்னலருகே நின்றாள். மாப்பிள்ளையின் சிரித்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

காற்று தணிந்ததும் டிராக்டரில் தொற்றிக்கொண்டு, சிவப்புக் கழிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். குடிலருகே கார் பனியில் புதைந்து கிடந்தது. கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. ஊர்க்கியா அலறிவிட்டாள்.

உள்ளே யாரோ இருமினார்கள். அவசரமாகப் பூட்டைத் திறந்தாள்.

பின்பக்கச் சன்னலை உடைத்து இறங்கியிருக்கிறார்கள். நால்வரும் அடுப்பைச் சுற்றிச் சுருண்டிருந்தார்கள். அதற்குள் புதுப்பெண்ணின் இரண்டு விரல்கள் குளிரில் மரத்து வெளுத்திருந்தன. ஊர்க்கியா தான் வாங்கிய அந்தச் சால்வையை எடுத்து அவற்றைச் சுற்றினாள்.

"கதவ ஏன்க்கா பூட்டி வச்சீங்க?" என்றாள் பெண்.

திருடு போகாமலிருக்கப் பூட்டிவைத்த அந்த நிலக்கரியை ஊர்க்கியா கை நிறைய அள்ளி அடுப்பில் போட்டாள்.

அந்த விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. குடிலுக்கு இப்போது பூட்டு இல்லை. நிலக்கரி திருடு போகிறது, ஊர்க்கியா திட்டிக்கொண்டே மறுபடி கொண்டுபோய்க் கொட்டுகிறாள். கம்பம் இறங்கியிருக்கும்போது கல்யாணக் கார் வந்து யார் எதை நீட்டினாலும், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.