பதினோரு மணிக்குப் பால்

சம்பளப் பட்டியலில் அவளுக்குக் 'குழந்தைகள் காப்பாளர்' என்று பெயர். கையில் இருந்ததோ கத்தரிக்கோல். சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஏழு வருஷமாக அவள் பார்த்தது பிசிறு வெட்டும் வேலைதான். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் போட்டு, தொங்குகிற நூல்களை நறுக்கித் தள்ள வேண்டும். ஆனாலும் எல்லோரும் அவளை ஆயா என்றே கூப்பிட்டார்கள். பிள்ளையே இல்லாத ஆயா என்று தையல் லைனில் ஒரு கேலி உண்டு. அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

காப்பக அறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. இத்தனை பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்பது சட்டம். சுவரில் முயல் படம், ஆறு தொட்டில்கள், உறை பிரிக்காத பொம்மைகள். மற்ற நாட்களில் அங்கே அட்டைப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார் என்று தகவல் கசிந்தால் முந்தின நாளே பெட்டிகள் வெளியேறும். தொட்டில்கள் துடைத்து வைக்கப்படும். பிள்ளைகளோடு வரச் சொல்லித் தாய்மார்களுக்கு உத்தரவு போகும். அன்று ஒரு நாள் அவள் நிஜமாகவே ஆயாவாக இருப்பாள். மூக்கைத் துடைப்பாள், ஆட்டித் தூங்க வைப்பாள், இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக நிற்பாள். மறுநாள் காலை பிள்ளைகள் வீட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்குமாம். அவர்களுக்கு எப்படித் தெரியும், அது கண்துடைப்பு என்று?

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. மாதத்தின் முதல் நாள் மேனேஜர் அறையிலிருந்து பதிவேடு வரும். அந்த மாதம் முழுவதற்கும் அவள் ஒரே மூச்சில் எழுதிவிட வேண்டும். எந்தக் குழந்தை வந்தது, பதினோரு மணிக்குப் பால், பன்னிரண்டுக்குத் தூக்கம், கீழே கையெழுத்து. முதல் வருஷம் கை கூசியது. பிறகு பழகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது, ஆபீசருக்கு நன்றாகவே உதவும் என்று அவள் கணவன் சொல்வான். கொத்தனாராக இருந்தவன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு வீட்டோடு கிடந்தான். அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சட்டையில் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் ஒரு பெண் இருந்தாள். புருஷன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். ஆறு வயதில் ஒரு பெண், பதினோரு மாதத்தில் ஒரு பையன். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தாள். யாரும் உள்ளே வந்துவிடக் கூடாதென்று வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். எல்லோரும் ஆயா என்றழைத்தபோது அவள் மட்டும் அக்கா என்றாள். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த ரூம் பூட்டித்தானே கிடக்கு. பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ஓரமா ரெண்டையும் உட்கார வெச்சா யாருக்கு என்ன நஷ்டம்? பெரியவ பார்த்துக்குவா. நீங்க நடுவுல ஒரு எட்டு பார்த்தாப் போதும்."

ஆயா மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். இன்றைக்கு இரண்டு என்றால் நாளைக்கு நாற்பது வரும், பெட்டிகளை என் தலையிலா வைப்பது என்று அவர் கேட்டார். அவள் திரும்பி வந்து காஜாக்காரியிடம், கொஞ்ச நாள் பொறு, பார்க்கலாம் என்றாள். பார்க்க ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அது நடந்தது. பையன் அப்போதுதான் எதையாவது பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தான். குளிப்பதற்குப் பிடித்து வைத்திருந்த தண்ணீர் வாளியைப் பிடித்து நின்றிருக்கிறான். தலைகுப்புற உள்ளே போய்விட்டான். அக்காக்காரி காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஆறு வயதுக் கைக்கு அந்தப் பாரம் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து பூட்டை உடைத்து உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. காலை பதினோரு மணி இருக்கும்.

தொழிற்சாலைக்கு உடனே போன் வந்தது. அன்று சரக்கு ஏற்ற வேண்டிய நாள். காஜா மெஷின் நின்றால் லைனே நிற்கும். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் சூப்பர்வைசர் அவளிடம் வந்து, வீட்டில் பையனுக்கு உடம்பு சரியில்லையாம், போய்ப் பார் என்றார்.

அப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? பெற்றவள் பூட்டிவிட்டுப் போவாளா என்றார்கள். போலீசும் பூட்டைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டது. லைனிலேயே, தன் பிள்ளையையும் அதே மாதிரி விட்டுவிட்டு வந்திருந்த ஒருத்தி, அந்த அக்காக்காரியாவது கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்றாள். அதைக் கேட்டபோது ஆயாவின் விரலில் கத்தரி பட்டது. பத்தொன்பதாம் நாள் காஜாக்காரி வேலைக்குத் திரும்பினாள். துணியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த பெண்மணி. முயல் படத்தடியில் ஒன்பது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. மேனேஜர் பக்கத்தில் நின்றார். எத்தனை பிள்ளைகள் தினமும் வருகின்றன என்று அதிகாரி வழக்கம்போலக் கேட்டார். அதற்குப் பதில் ஆயாவுக்கு மனப்பாடம்.

"ஒண்ணும் வராதும்மா" என்றாள். "நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் வரும்."

மேனேஜர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அவள் பதிவேட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்தாள். காஜாக்காரி மகனின் பெயருக்கு நேரே அந்தத் தேதியில் விரலை வைத்தாள்.

"இந்தப் பையன் இந்த நாள்ல தண்ணி வாளிக்குள்ள விழுந்து செத்துட்டான். பதினோரு மணிக்குப் பால் குடிச்சான்னு நான் எழுதியிருக்கேன் பாருங்க. இது என் கையெழுத்து."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பதிவேட்டை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே ஆயாவின் வேலை போயிற்று. பொய்க் கணக்கு எழுதியவள் என்று நிர்வாகம் அவள் மேலேயே புகார் கொடுத்தது. விசாரணைக்காக மூன்று நாள் தொழிற்சாலை மூடியபோது, கூலி போன பெண்கள் தெருவில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"உண்மையைச் சொல்ல உனக்கு இந்த நேரம்தான் கிடைச்சுதா?" என்று கணவன் கேட்டான்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவள் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதினாள். அறை வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்காரிகள் நடுவில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர நேரம் விட வேண்டும். கையெழுத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள். அறுபது தாய்மாரில் பதினோரு பேர் போட்டார்கள். கடைசியாகக் காஜாக்காரியின் வீட்டுக்குப் போனாள். கதவில் பூட்டிருந்த இடத்தில் வெறும் துளைதான் இருந்தது. அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"என் புள்ள பால் குடிச்சான்னு எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"தூங்கினான்னும் எழுதினீங்களா?"

"எழுதினேன்மா."

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா என்ற வார்த்தை அவள் வாயில் அதற்குப் பிறகு வரவே இல்லை.

விசாரணை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. எழுதியது நீதானே என்று நிர்வாகத்து வக்கீல் ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் ஆமாம் என்றாள். முடிவில் அறையைத் திறக்க உத்தரவாயிற்று. பெட்டிகள் வேறு கொட்டகைக்குப் போயின. முதல் வாரத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பயிற்சி பெற்ற இரண்டு இளம்பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். பொய் எழுதிய குற்றம் இருந்ததால் ஆயாவை வளாகத்துக்குள் விடவே கூடாது என்று வாயில் காவலருக்குச் சொல்லியிருந்தார்கள்.

காஜாக்காரி மகளை அழைத்துக்கொண்டு வேறு ஊர் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பதாகவும், அந்தப் பெண் வாளி இருக்கும் பக்கமே போவதில்லை, குளிக்க வைப்பதே பெரும்பாடு என்றும் யாரோ வந்து சொன்னார்கள்.

ஆயா இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். வார விடுமுறையில் மனுவின் நகல்களை எடுத்துக்கொண்டு மற்றத் தொழிற்சாலைகளின் வாசலில் போய் நிற்கிறாள். பெரும்பாலானவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். போன வாரம் பொம்மைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண் வேகமாக வந்தாள். பால் கட்டி ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. குழந்தை யாரிடம் இருக்கிறது என்று ஆயா கேட்டாள்.

"பக்கத்து வீட்டுல. அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றாள் அவள். பேனாவை வாங்கி, நின்றவாக்கிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.