படத்தில் இல்லாத முதுகு

பதினாறாம் நூற்றாண்டுப் பிளெமிஷ் ஓவியர்களோடு எனக்கு ஒரே ஒரு கோபம்தான். ஆடுகிறவன், குடிக்கிறவன், விழுந்து கிடக்கிறவன் எல்லாரையும் பல பக்கமும் வரைந்தவர்கள், நான் தைக்க எடுத்த சிவப்புச் சட்டைக்காரனை மட்டும் முன்பக்கமாக நிறுத்திவிட்டார்கள். நெஞ்சில் பூட்டுகிற தெறி எத்தனை என்பதுகூடத் தெரிகிறது. முதுகை எப்படி வெட்டுவது?

லண்டனின் தெற்கே சட்டன் என்ற இடத்தில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூடி, பழைய ஓவியங்களைப் பார்த்து அந்தக் கால உடுப்புகளைக் கையால் தைப்போம். அங்கே தமிழச்சி நான் ஒருத்திதான். லண்டனுக்கு வருமுன் ஒல்லாந்தில், அதுதான் நெதர்லாந்தில், பல வருடம் இருந்தேன், அங்கே பிடித்த பைத்தியம் இது.

"ஒல்லாந்தன் எங்கட ஊரில கோட்டை கட்டினான். நீர் இஞ்ச இருந்து அவனுக்குச் சட்டை தைக்கிறீர்," என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

பகிடி பண்ணினாலும் அளவுக்கு வந்து நிற்பார். எங்கள் குழுவின் இலையுதிர்காலக் காட்சியில் அந்தச் சட்டையைப் போட்டு நிற்கவும் சம்மதித்திருந்தார். அதனால் முதுகை அவரைப் பார்த்தே வெட்டினேன். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த எலும்பு ஒழுங்காகப் பொருந்தாமல், அவருக்கு இடது தோள் சற்றுப் பதிந்திருக்கும். படத்தில் இருந்தவனுக்கு இரண்டும் சமம். உள்துணிக்குள் கொஞ்சம் கம்பளி வைத்து உயர்த்தினேன்.

"இஞ்சேருங்கோ, ஆடாமல் நில்லுங்கோ. ஊசி குத்தும்," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைக் கூப்பிட்டது 'இஞ்சேருங்கோ' என்றுதான்.

"குத்தட்டும். நிமிர்ந்த தோளோட ஒருக்கா என்னைப் பாக்க ஆசை," என்றார்.

தெறி தைக்குமுன் மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனமெல்லாம் போன பிறகு இருந்து தெறிகளைத் தைத்தேன். ஏனென்று சொல்லத் தெரியாது. சாப்பிட்டேன், குப்பை நாளில் வாளியை வாசலில் வைத்தேன், மகள் போன் எடுத்தால் "ஓம், இருக்கிறன்" என்றேன். ஒன்றும் உறைக்கவில்லை.

காட்சிக்கு முந்திய சனிக்கிழமை, குழுவை நடத்தும் வெள்ளைக்காரப் பெண்மணி என் கையைப் பிடித்து, விருப்பமில்லையென்றால் சட்டையை நானே வைத்திருக்கலாம் என்றார். நான் யோசிக்கவேயில்லை. வேறு யாராவது போடட்டும் என்றேன்.

போட்டவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. நல்ல மனிதர். போட்டதும் இடது தோள் புடைத்துக்கொண்டு நின்றது. அளவு எங்கே பிழைத்தது என்று ஆளாளுக்குத் தேடினார்கள். ஒருத்தி தடவிப் பார்த்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றாள். கத்தரிக்கோலை வாங்கி, தையலைப் பிரித்து, கம்பளியை இழுத்தெடுத்துவிட்டு மறுபடி தைத்தேன். பெரிய வேலையில்லை.

அவர் திரும்பப் போட்டுக்கொண்டு நின்றார். படத்தில் இருக்கிறவனே இறங்கி வந்ததுபோல் இருக்கிறது என்று முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் சந்தோஷம். நான் வழமைபோலப் பின்னால் நின்றேன். சிவப்புத் துணி, நான் வெட்டிய முதுகு, இரண்டு தோளும் சமம். கழுத்தடியில் ஒரு சுருக்கம் இருந்தது. இழுத்துவிடக் கையை வைத்தேன். அவர் அசைந்தார்.

"இஞ்சேருங்கோ, ஆடாமல் நில்லுங்கோ," என்றேன்.

பாவம், அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னேன் என்று கேட்கத் திரும்பினார். திரும்பும்வரை அது என் கணவருடைய முதுகாகத்தான் இருந்தது.