பாய்லருக்கு ஒரு ஓட்டு

தச்சநல்லூரில் லேத் பட்டறை போட்டவன் நான். அப்போது கையில் காசு இல்லை. ஆறாம் கிளாஸுக்கு மேல் படிப்பும் இல்லை. பிறகு அரிசி மில் பாய்லர்களுக்கு ரிப்பேர் வேலை. பிறகு சொந்தமாக ஒரு மில். ஒரு கல்யாண மண்டபம் — மழைக்கு ஒழுகாதது, டவுணில் விசாரித்துக்கொள்ளலாம். கடைசியாக, மூடிப்போன சர்க்கரை ஆலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு சின்ன நீராவி என்ஜின். பழைய இரும்புக்குப் போக இருந்ததை வாங்கி, பட்டறைக்குப் பின்னால் தண்டவாளம் போட்டு ஓடவிட்டேன். 'இவருக்கு எதுக்கு இந்த வேலை' என்று சிரித்தவர்கள்தான் இப்போது ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு ஏறி உட்காருகிறார்கள்.

அந்த என்ஜின் போன வாரம் கைநழுவிப் போயிருக்கும்.

விஷயம் இதுதான். என்னைப் போலப் பழைய நீராவி ரயிலைக் காப்பாற்றி ஓட்டும் குழுக்கள் நாடு முழுக்க இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தேசியக் கூட்டமைப்பு தொடங்குகிறார்கள். நல்ல காரியம். நிலக்கரி வேண்டும், பாய்லர் சோதனை வேண்டும், ரயில்வேயிடம் அனுமதி வேண்டும்... ஆளாளுக்குத் தனியாகப் போய் நின்றால் யார் மதிக்கிறார்கள்? எல்லோருக்குமாக ஒரு வாய் பேசினால்தான் நடக்கும்.

சரி, அது யார் வாய்?

எங்கள் குழுவின் செயலாளர் சிதம்பரம், பேங்க்கில் ரிடையர் ஆனவர். வரைவு விதிகளைப் படித்துவிட்டு முகம் செத்துப்போய் வந்தார்.

"அண்ணாச்சி, நமக்கு ஓட்டு கிடையாதாம். சென்னையில இருக்க பெரிய குழுவோட நம்மளச் சேத்துருதாங்க. சேருத குழு என்ஜினையும் அங்க குடுத்துரணுமாம்."

"ஏன்வே, என்ஜின் ஓட்டுதவனுக்கு ஓட்டு இல்லையா?"

"ஓட்டுதவங்களுக்கு உண்டு, அதுவும் ஆள் கணக்குல. நம்ம பேரு 'நெல்லை நீராவி ரசிகர் மன்றம்'லா? அத ஃபேன் கிளப்னு எடுத்துக்கிட்டாங்க. சும்மா நின்னு கைதட்டுத கூட்டம்னு நெனைக்காங்க."

பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் சுலைமான் — காயல்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் இதே வேலை பார்த்து வந்தவர் — பைய சிரித்தார். "விடுங்க அண்ணாச்சி, கட்-அவுட் வச்சு பாலாபிஷேகம் பண்ணிருவோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் வைத்தது நான். சங்கம் என்றால் சந்தா கேட்பார்கள் என்று ஓடுவார்கள். மன்றம் என்றால் தோரணம் கட்டத் தானாக ஆள் வரும். வந்தார்களா இல்லையா? பெயரில் ஒரு குறையும் இல்லை. மொழிபெயர்த்தவர்தான் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை.

ஞாயிறு காலை வீடியோவில் கூட்டம். விடிந்ததுமே பாய்லரைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டேன். டெல்லியில் இருந்து கூட்டமைப்புத் தலைவர் இங்கிலீஷில் கேட்டதைச் சிதம்பரம் தமிழில் சொன்னார்: "ரசிகர்களுக்கு என்ஜின் எதுக்குங்காரு."

போனை வாங்கி என்ஜின் பக்கம் திருப்பினேன். சுலைமான் விசிலை இழுத்தார்.

"ஆள் எத்தனன்னு எண்ணாதீங்க," என்றேன். "பாய்லர் சோதனையில தேறிச்சா, அந்தக் குழுவுக்கு ஒரு ஓட்டு. பெருசுக்கும் ஒண்ணு, சிறுசுக்கும் ஒண்ணு. என்ஜின் இல்லாம போட்டோ மட்டும் எடுக்க ரசிகர்களும் வேணும். அவங்க எல்லாருக்கும் சேத்து ஒரு ஆள் கமிட்டிக்குள்ள இருக்கட்டும். என்ஜின் மட்டும் இருக்க எடத்துலயே இருக்கட்டும்."

"பையச் சொல்லுங்க அண்ணாச்சி, எனக்கு இருக்கது ஒரு வாய்," என்றார் சிதம்பரம்.

பெரிய குழுக்காரர் ஒருவர் மறித்தார். இத்தனை உறுப்பினர் இருக்கிறார்கள், எங்களுக்கும் ஒரே ஓட்டா என்றார்.

"கூட்டம் இருக்கட்டும், சந்தோஷம். கூட்டத்த வச்சு ஸ்டீம் வருமா?"

இதைச் சிதம்பரம் எப்படி இங்கிலீஷ் ஆக்கினாரோ... திரையில் இருந்த சின்னக் கட்டங்களில் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. நிறைவேறியது.

அப்பாடா. சிதம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நிலக்கரி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை வேட்டி என்ற நினைப்பே இல்லை.

ஒன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். 'எல்லோரும் ஒன்றாகச் சேருவோம்' என்று அழைப்பவர், தான் போய் அடுத்தவரோடு சேருவதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அவரவர் இடத்தில் இருந்துகொண்டே ஒரே குரலில் பேச முடிந்தால்தான் அது கூட்டமைப்பு. இல்லையென்றால் வெறும் கூட்டம்.

முந்தாநாள் கூட்டக் குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். விதி நான் சொன்னபடியே இருக்கிறது. மேலே, 'ஒரு உறுப்பினர் முன்மொழிந்தார்' என்று போட்டிருக்கிறார்கள்.

அதென்ன ஒரு உறுப்பினர்? சொன்னது நான். என் பெயரைப் போடுங்கள். இனிஷியலோடு போடுங்கள் — இதே பெயரில் எங்கள் தெருவில் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள்.