சாய்த்தால் வழியும் கிரீஸ்

லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவர் கிரீஸ் டப்பாவைத் திறந்தார். அந்த வாடையில், எழுபதுகளில் வங்காளத்தில் நாங்கள் இருந்த கார்டன் ரீச் குடியிருப்பு கண்முன் வந்தது.

அப்பா கப்பல் பட்டறையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஒரு நாள் அவர் பையில் இரண்டு கிரீஸ் டப்பாக்களை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஆபீஸ் சாமானைத் திருடிட்டு வந்தீங்களா?"

"லேப்ல யாரோ சாம்பிளை மாத்துறாங்க. அதான் இங்கேயே சோதிக்கப் போறேன்."

அம்மா நம்பவில்லை. அப்பா ஒரு கண்ணாடித் தகட்டில் இரண்டையும் ஒரே கனத்தில் தடவி, மெல்லச் சாய்த்தார். நான் என் பாகைமானியை வைத்துக் கோணம் பார்த்தேன். முன்பு ஒப்புதல் பெற்ற கிரீஸ், தகட்டைச் செங்குத்தாக நிறுத்தியும் அசையவில்லை. புதிதாக வந்த சரக்கு பாதிச் சாய்விலேயே வழிந்தது.

"கிரேன்ல போட்டா இது நிக்காது. ஆள் மேல பாரம் விழும்" என்றார் அப்பா.

மறுநாள் அந்தச் சரக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே, அவரோடு லேபில் வேலை பார்த்த எதிர்வீட்டு வங்காளிச் சித்தப்பா, நான் காகு என்று கூப்பிடுபவர், சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

"பௌதி, அண்ணன் கொண்டுவந்த ரெண்டு டப்பாவையும் கொடுங்க" என்று அம்மாவிடம் ஹிந்தியில் கேட்டார்.

டப்பாக்கள் வீட்டுக்கு வந்ததை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. மாற்றிவைக்க லேபில் அவற்றைத் தேடியவருக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

"எந்த டப்பா?" என்றாள் அம்மா. சந்தேஷைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்:

"கொண்டாங்க, என் டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிடறேன்."