ஆர்டிஸ் அசையாமல் நின்ற ஞாயிற்றுக்கிழமை

ஆர்டிஸுக்குக் காலில் சக்கரம் என்று ஏரிக்கரை ஊரான மானிடோவாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் ஊரில் ரொம்பக் குறைவு. தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படித் தொட்டியோரம் நின்றபடியே தின்று, அங்கேயே கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள். மாதா கோவிலில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால் கதவோரம்தான் நிற்பாள். பாதிரியார் ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார். பிறகு, ஆள் வேண்டியிருக்கிறதே என்று வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலும் பொருத்தமானதுதான். காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களை வாடகைக்கு விடும் கம்பெனியில் ரிப்பேர் வேலை. வேனில் ஏறினால் ஏரிக்கரை முழுக்க ஒரு சுற்று. மதுக்கடை, பவுலிங் கூடம், துணி துவைக்கும் கடை, மறுபடி மதுக்கடை. எங்கேயும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. கம்பெனி மூடி, தலை நரைத்த பிறகும், பழைய இயந்திரங்களைக் கேரேஜில் வைத்துச் சீராட்டும் பைத்தியங்கள் அவளை விடவில்லை. ரிப்பேர் முடிந்து படம் வந்ததும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். காப்பி கொடுத்தால் வாசலில் வைத்துத்தான் குடிப்பாள்.

இவளைப் போய் வெர்லின் கட்டிக்கொண்டான். பால்கட்டி ஆலையில் வேலை பார்த்தவன். கொதிகலன் பக்கத்தில் பொறுமையாக நின்று நின்று, பொறுமை அவன் உடம்பிலேயே ஊறிவிட்டிருந்தது. வேலை விட்டால் நேரே பெவ் என்பவள் நடத்தும் பவுலிங் கூடத்துக்குப் போய்ச் 'சுறா' முன்னால் நிற்பான். நாற்பது வயது தாண்டிய இயந்திரம் அது. சின்னப் படகு ஒன்று, சுற்றிலும் சுறாக்கள், சுட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதன் முன்னால் ஒரு முழு நாளை ஓட்டுவான். அவளால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உட்கார முடியாது. சண்டையே இல்லாமல் பிரிந்தார்கள். "உன்கூட இருந்தா நானும் வீட்டு அலமாரி மாதிரி ஆயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் தலையை ஆட்டினான். அவள் சொல்வது சரிதான் என்றே அவனும் நினைத்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் வெர்லின் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். வேறு மாநிலத்தில் எவனோ ஒருத்தன் வைத்திருந்த சுறா சாதனையை முறியடித்துவிடுவது என்று. இதற்கு முன் பல தடவை முயன்று பாதியில் விழுந்தவன்தான். ஆனால் டிசம்பரில் வலது கட்டைவிரல் மூட்டில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பிடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெவ்வின் மீன் வறுவல் விருந்துக் கூட்டத்துக்கு நடுவே ஆட ஆரம்பித்தான். தோளுக்குப் பின்னால் ஸ்டாண்டில் ஒரு கேமரா. ஆட்டம் முழுவதும் அதில் பதிவாக வேண்டும். இயந்திரம் ஒரு தடவை அணைந்தாலும் போச்சு, எல்லாம் முதலிலிருந்து.

இரண்டு நாள் ஒருத்தன் எப்படி விடாமல் ஆடுவான் என்று கேட்கலாம். அதற்குத்தான் படகு சேர்ப்பது. புள்ளிகள் ஏற ஏற இயந்திரம் உபரிப் படகு கொடுக்கும். அவை திரையின் அடியில் வரிசையாக நிற்கும். நிறையச் சேர்த்துவிட்டால், சிறுநீர் கழிக்கவோ, பெஞ்சில் கொஞ்சம் கண்ணயரவோ போகலாம். போன நேரத்தில் படகுகள் ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டிருக்கும். கடைசிப் படகு மூழ்குவதற்குள் ஓடி வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டக்காரர்களின் வாழ்க்கையே அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

ஞாயிறு மத்தியானம் ஆர்டிஸ் ஏணியில் நின்று கூரைக் குழாயில் அடைத்த இலைகளை வாரிக்கொண்டிருந்தாள். பெவ்விடமிருந்து போன் வந்தது.

"ஏண்டி, எங்க இருக்க? வெர்லினோட படம் போயிடுச்சு. நடுவுல ஒரே ஒரு வெள்ளைக் கோடுதான் நிக்குது."

"சத்தம் வருதா?"

"வருது. சத்தத்தை வச்சே ஆடிக்கிட்டிருக்கான், பாவம். சீக்கிரம் வாடி, ராத்திரிக்குள்ள ஜெயிச்சிருவான்னு ஊரே சொல்லிக்கிட்டிருக்கு."

ஆர்டிஸ் ஏணியிலிருந்து இறங்கினாள். போன மாதம் அந்த மானிட்டரைச் சரிபார்த்துக் கொடுத்தது அவள்தான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். பழைய மானிட்டரா, கண்டன்சர் அத்தனையையும் மாற்று; படம் வந்ததா, பின்கதவைச் சாத்து. கம்பிகள் வந்து சொருகும் இடத்தில் பழைய ஈயப் பற்றையும் ஒரு தடவை உருக்கிவிட வேண்டும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. அன்றைக்கு வெர்லின் பாரில் காப்பி வாங்கி வைத்து, உட்கார்ந்து பேசலாமே என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் அவசரமாகக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

கூடத்துக்குள் நுழைந்தால் பார் டிவியில் பேக்கர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் டிவியையும் பாதிப் பேர் வெர்லினையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாடி முளைத்து, கண் சிவந்து, கோடு மட்டும் தெரியும் திரைக்கு முன்னால் அவன் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"எத்தனை படகு இருக்கு?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"கொஞ்சம்தான். மூழ்குற சத்தத்தை எண்ணிக்கிட்டிருந்தேன், நடுவுல பேக்கர்ஸ் பாயின்ட் எடுத்துட்டாங்கன்னு இவனுங்க கத்துனானுங்க. கணக்கு விட்டுப்போச்சு."

அவள் இயந்திரத்தின் பின்கதவைக் கழற்றினாள். ஓடுகிற மானிட்டருக்குள் கை விடும்போது ஒரு கையைக் கால்சட்டைப் பின்பையில் சொருகிக்கொள்வது அவள் வழக்கம். ஷாக் அடித்தாலும் மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கை வழியாக நெஞ்சைத் தாண்டிப் போகாது. இன்னொரு கையில் சீனாக்காரர் கடைச் சாப்பாட்டுக் குச்சி. அதைக் கொண்டு போர்டை இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. சொருகியிருந்த கம்பிகளின் வேரில் குச்சி பட்டதும் முன்னால் கூட்டம் "ஹோ" என்று கத்தியது.

"வந்துடுச்சு! படம் வந்துடுச்சு!" என்றான் வெர்லின்.

குச்சியை எடுத்தாள். மறுபடி கோடு.

"எடுக்காதடி தாயே! வை, வை!"

குச்சியை வைத்து அழுத்தினாள். அவள் உருக்காமல் விட்ட அதே இடம். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஈயம் விட்டுப்போயிருக்கு வெர்லின். போன மாசம் நான் பாத்திருக்கணும். போர்டைக் கழட்டிப் பத்த வைக்கணும், கால் மணி நேரமாவது ஆகும். சுவர் பிளக்கைத் தொட மாட்டேன். மானிட்டருக்குப் போற குட்டி பிளக்கை மட்டும் உருவுவேன். ஆட்டம் உள்ள ஓடிக்கிட்டே இருக்கும், உனக்குத்தான் தெரியாது."

"கால் மணி நேரத்துக்கு எங்கிட்டப் படகு ஏது? நாலுதான் நிக்குது."

"அப்போ?"

"அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லு. நான் சேத்துடறேன்."

நில்லாம். அதுவும் அவளிடம்.

நின்றாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். நடுவில் சூடான படக்குழாய். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. மூக்கு அரித்தது. வேனில் சைடு விளக்கை அணைத்தோமா என்று சந்தேகம். கூரையோரம் சாத்தியிருந்த ஏணி காற்றில் விழுந்துவிடுமோ என்று இன்னொரு சந்தேகம். வாசல் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பு தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. தன்னையறியாமல் குதிகாலை ஆட்டத் தொடங்கினாள்.

"படம் குதிக்குது! காலை ஆட்டாத!"

"நான் ஆட்டல."

"எனக்குத் தெரியாதா உன் காலை? பத்து வருஷம் வீட்டுக்குள்ள பாத்தவன்தான் நான்."

பெவ் வந்து ஆர்டிஸின் மூக்கைத் தன் ஏப்ரனால் துடைத்துவிட்டாள். வறுத்த பால்கட்டி ஒன்றை வாயில் போட்டாள். ஆர்டிஸின் கருவிப் பெட்டியிலிருந்து ஈயம் உருக்கும் சால்டரிங் கம்பியை எடுத்துப் பிளக்கில் சொருகிச் சூடேற்றி வைத்தாள். "உன்னை இப்படிக் கட்டிப்போட ஒரு குச்சி போதும்னு யாருக்குடி தெரியும்?" என்றாள்.

"நம்ம கல்யாணத்துலகூட நீ இவ்வளவு நேரம் நிக்கல" என்றான் வெர்லின் அந்தப் பக்கத்திலிருந்து.

"வாயை மூடிக்கிட்டு ஆடு."

கொஞ்ச நேரம் சுறாக்கள் செத்துக்கொண்டிருந்தன. பிறகு அவன் குரல் தணிந்தது.

"ஆர்டிஸ், ஒண்ணு சொல்லட்டுமா? பயமா இருக்கு. இது முடிஞ்சிட்டா அப்புறம் காலைல எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியல."

அவளுக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவள் வாழ்நாள் முழுக்க ஓடினாள். அவன் அதற்காகவே ஒரே இடத்தில் நின்றிருக்கிறான். இத்தனை வருடத்தில் இது அவளுக்கு உறைத்ததே இல்லை. இவன் ஜெயிக்க வேண்டும் என்று அவள் மனம் துடித்தது. தனக்காகக்கூட எதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"முதல்ல ஜெயி. அப்புறம் சேந்து யோசிப்போம்" என்றாள்.

"சேந்தா?"

"ஆடுடா."

வெளியே வெயில் சாயும் நேரத்தில் வெர்லின் சொன்னான், "அடிவரிசை முழுக்கப் படகு. அவனோட கணக்கைத் தாண்ட இன்னும் கொஞ்சம்தான். இப்பப் பண்ணு. நான் ஒண்ணுக்குப் போயிட்டு வந்திடறேன்."

அவன் கையை எடுத்தான். அவளும் குச்சியை எடுத்தாள். விடுதலை! மரத்துப்போன கையை உதறினாள். உடம்பு முழுக்க அடக்கி வைத்திருந்த அவசரமெல்லாம் ஒரே நேரத்தில் பீறிட்டுக்கொண்டு வந்தது. சூடான சால்டரிங் கம்பியை இடது கையில் எடுத்தாள். எடுத்த அதே நொடியில் வலது கை, யாரையும் கேட்காமல், பெட்டிக்குப் பின்னால் இறங்கிச் சுவர் பிளக்கைப் பிடுங்கியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கம்பெனி முதலாளி அவள் மணிக்கட்டில் அடித்துக் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஈயம் கையில் எடுத்தால் முதலில் சுவர் பிளக். அதை மறந்த ஒருத்தரை ஆம்புலன்ஸில் ஏற்றியதை அவளே பார்த்திருக்கிறாள். அன்று முதல் அந்தக் கை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இன்றைக்கும் தவறவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சுறாச் சத்தம் நின்றுபோனது. கூடத்தின் அந்தக் கோடியில் யாரோ உருட்டிவிட்ட பந்து பவுலிங் கட்டைகளைச் சாய்க்கும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் ஆர்டிஸ் தன் கையில் தொங்கும் பிளக்கைப் பார்த்தாள்.

கழிவறைக்குப் பாதி தூரம் போயிருந்த வெர்லின் திரும்பினான். "கரண்ட் போச்சா?"

பார் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெவ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல" என்றாள் ஆர்டிஸ். "நான்தான்."

அவன் மெதுவாக நடந்து வந்தான். இருண்ட திரையைப் பார்த்தான். அப்புறம் பிளக்கைப் பார்த்தான். கேமராவில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவனே போய் அதை அணைத்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தான். அவனுடைய வலது கை மட்டும் இன்னமும் பிடியைப் பிடித்ததுபோலவே வளைந்திருந்தது.

"திட்டு வெர்லின்" என்றாள். "வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை திட்டித் தொலையேன்."

"எதுக்கு? பிளக்கை உருவாம நீ செத்துப்போயிருந்தா?"

"சுவர் பிளக்கைத் தொட மாட்டேன்னு நான்தானே சொன்னேன்! சொல்லிட்டு இப்படிப் பண்ணிட்டேனே!"

கூட்டம் ஒவ்வொருவராக டிவி பக்கம் நகர்ந்தது. நின்றால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் வேலையைச் செய்தாள். படக்குழாயில் தேங்கிய மின்சாரத்தை இறக்கினாள். போர்டைக் கழற்றி, கம்பிகளின் வேரில் ஒவ்வொரு பற்றையும் உருக்கி, புது ஈயம் வைத்து, ஊதி ஆறவிட்டாள். எதையும் விடவில்லை. எங்கும் அவசரப்படவுமில்லை. அந்த இயந்திரத்துக்கு அவள் செய்த வேலைகளில் அதுதான் சுத்தமான வேலை. எல்லாவற்றையும் மாட்டி, பிளக்கைச் சொருகினாள்.

படம் வந்தது. ஓரம் நெளியாமல், நிறம் கலங்காமல், ஏரியைப் போல நீலமாக. சுறாக்கள் அணிவகுத்து நின்றன. அடிவரிசையில் மூன்றே படகுகள். மேலே புள்ளிகளின் இடத்தில் பூஜ்ஜியங்கள், பளிச்சென்று.

ஆர்டிஸ் கருவிப் பெட்டியை மூடினாள். ஆனால் தூக்கவில்லை. கதவு இருக்கும் திசையைக்கூட அவள் பார்க்கவில்லை.

வெர்லின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "படம் ரொம்ப நல்லா வந்திருக்கு, ஆர்டிஸ்" என்றான்.

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.